தீவகத்துக் கோயில்களும் கடல்வழி வாணிகமும்: ஒரு வரலாற்று விளக்கம்

தொன்மையான கோயில்களைத் தேடிச் செல்லும் பயணம் தென்கிழக்காசியாவில் இன்று ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. முதுகிலே பையொன்றைச் சுமந்து, மலிவான விடுதிகளிலே தங்கி, அங்கோர், பாகான், பொறோபுதூர் என ஊர்விட்டு ஊர் செல்லும் இளம் பயணிகளை அந்நாடுகளின் வீதிகளெங்கும் காணலாம். 2009ஆம் ஆண்டிலே போர் முடிவுற்ற பின்னர் இப்பயணிகளின் பாதை யாழ்ப்பாணத்துக்கும் நீண்டுள்ளது. யாழ்ப்பாண நகரில் ஓரிரு நாள் தங்கும் அவர்கள் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுகின்றனர். அவர்களது வழிகாட்டி நூல்களில் நயினாதீவு பழம்பெருங் கோயிலொன்றும் விகாரையொன்றும் உள்ள தீவு. நெடுந்தீவு காட்டுக் குதிரைகளும் இடிந்த கோட்டையும் உள்ள தீவு. நான்கு வரிகளில் இரு தீவுகளும் முடிந்துவிடுகின்றன.

இவர்களைவிடப் பன்மடங்கு தொகையினர் தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் வந்து நாகதீப விகாரையை வழிபட்டுத் திரும்புகின்றனர். ஆனி மாதத்து மகோற்சவ காலத்திலோ புலம்பெயர்ந்த தீவக மக்கள் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அம்மனைத் தரிசிக்க வருகின்றனர். ஒரே படகிலே அருகருகே அமர்ந்து செல்லும் இம்மூவகையினரும் மூன்று வெவ்வேறு தீவுகளுக்குச் செல்கின்றனர் எனலாம். முதலாமவர் தேடுவது புதுமையான காட்சி. இரண்டாமவர் தேடுவது புத்தர் பாதம் பட்ட மண். மூன்றாமவர் தேடுவது தாம் பிரிந்த ஊர். ஆனால் ஒரு விடயத்தில் மூவரும் ஒன்றுபடுகின்றனர். தொன்மை என்பது காலங்காலமாக அங்கே அப்படியே இருந்து வருவது என்றும், அதனைச் சென்று காண்பதே செய்யவேண்டியது என்றும் அவர்கள் கருதுகின்றனர். தொன்மை எவ்வாறு உண்டாகிறது, யாருடைய செல்வத்தினாலும் யாருடைய உழைப்பினாலும் ஒரு சிறு தீவிலே கோயில் எழுகிறது என்னும் வினா எழுவதில்லை. இவ்வினாவை எழுப்பி, கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாகபூஷணி அம்மன் கோயிலின் கட்டடத்தைப் பார்த்துத் தொன்மையை அளக்க முற்படுபவர் ஏமாற்றமடைவர். போர்த்துக்கேயர் 1619இலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதை அடுத்துப் பழைய கோயில் அழிவுற்றது. பின்னர் கோயில் மீண்டும் எழுந்தது பதினெட்டாம் நூற்றாண்டிலேயாகும். இன்று கடலில் வரும்போதே கண்ணிற்படும் 108 அடி உயரமான கிழக்கு இராசகோபுரம் 2010ஐ அடுத்த ஆண்டுகளில் எழுப்பப்பட்டது. அருகேயுள்ள விகாரையின் கட்டடங்களும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கோரின் கற்சுவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே காணத்தக்க பழமை எதுவுமில்லை.

ஆயினும் இக்கோயிலிலே கண்டெடுக்கப்பட்ட ஒரு கல், இலங்கைத் தீவின் பொருளாதார வரலாற்றுக்கு மிக முக்கியமான ஆவணங்களுள் ஒன்றாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இலே ஆராய்ந்து வெளியிட்ட நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டையே இங்குக் குறிப்பிடுகிறோம். கல்வெட்டின் தொடக்கப்பகுதி சிதைந்துபோயிற்று. எஞ்சிய பகுதியின் முடிவில், வடமொழியில் அமைந்த வரிகள், இது பராக்கிரமபாகு மன்னனின் ஆணை எனத் தெரிவிக்கின்றன. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவே இவன். ஆணையின் உள்ளடக்கம் முழுதும் தமிழிலே உள்ளது.

அது கூறுவது யாது? பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும். பல துறைமுகங்களிலிருந்தும் பரதேசிகள் எமது துறைக்கு வந்து கூடவேண்டும். ஆனையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் அரச பண்டாரத்துக்கு நாலிலொரு பங்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு வாணிகப் பண்டம் கொண்டுவரும் கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, மறுபாதி உடையவனுக்கு. இந்த ஏற்பாடு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது. கோயிலொன்றிலே கிடைத்த கல்லாயினும் இதன் எஞ்சிய பகுதியில் அம்மனைப் பற்றியோ பூசையைப் பற்றியோ விளக்கெரிக்க விட்ட ஆடுகளைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இஃதொரு துறைமுகச் சட்டம்.

இங்குக் குறிப்பிடப்படும் ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறையே. அவ்வூரின் கேற்ஸ் என்னும் ஆங்கிலப் பெயரும் துறை என்னும் பொருள் தரும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததென்பர். யானைகள் ஏற்றப்பட்டமையால் போர்த்துக்கேயர் அதனை யானைத்துறை என்றே வழங்கினர். ஆக, துறை என்னும் பொருளைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை வெவ்வேறு மொழிகளிலே சுமந்துவரும் ஊர் அது.

கல்வெட்டின் பங்கீட்டு விகிதத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். உடைந்த கலம் கரையொதுங்கினால் அதிலுள்ள பண்டம் கரைக்குடைய அரசனையே சேரும் என்பது இடைக்காலத்திலே உலகின் பல பகுதிகளிலும் நிலவிய வழக்கமாகும். ஆந்திரக் கரையிலே மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதி 1244-45 அளவில் பொறித்த அபய சாசனத்தில், முன்னைய மன்னர்கள் கரையொதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் கவர்ந்துகொண்டனர் என்றும், தான் குறித்த தீர்வை மட்டுமே பெறுவதாகவும் வணிகருக்கு உறுதியளிக்கிறான். அவனுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முற்பட்ட பராக்கிரமபாகுவின் ஆணை அவ்வளவு தாராளமானதன்று. ஆயினும் முழுவதையும் கவரும் உரிமையிலிருந்து அரசு பின்வாங்கி, வணிகரோடு ஒரு பங்கீட்டுக்கு வந்துள்ளது. போரிடும் அரசுக்கு யானையும் குதிரையும் இன்றியமையாதவை; அவற்றைக் கொண்டுவருபவனுக்கு இழப்பு குறைவாக இருந்தாலே அவன் மீண்டும் வருவான். பட்டோ பீங்கானோ வேறு பண்டமோ கொண்டுவருபவனுக்கு அத்தகைய சலுகை வேண்டியதில்லை. நாலிலொன்று, பாதி என்னும் இரு பின்னங்களுக்கிடையே உள்ள வேறுபாடு அவ்வரசின் படைத்தேவையை அளந்து காட்டுகின்றது.

அப்படைத்தேவை கற்பனையன்று. சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாழ் முதலிய இடங்களிலே படைகளை நிறுத்திக் கலங்கள் கட்டுவித்தமையையும், சோழப் படைத்தலைவன் அவற்றைத் தாக்கி யானைகளைக் கைப்பற்றியமையையும் கூறுகின்றது. ஒருவன் பாதுகாப்பளிக்கும் துறையும் மற்றவன் தாக்கி அழிக்கும் துறையும் ஒன்றே. தீவகம் வரலாற்றில் இடம்பெறுவது அதன் அழகினாலன்று. பாக்குநீரிணையைக் கடக்கும் கலங்கள் ஒதுங்கவும் காத்திருக்கவும் தகுந்த அமைதியான ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு அங்கே இருந்தமையாலாகும்.

ஆணை தமிழிலே ஏன் எழுதப்பட்டது என்னும் வினா அடுத்து எழுகின்றது. இக்கேள்விக்கு இரு முகாம்களிலிருந்து இரு ஆயத்த விடைகள் வருகின்றன. சிங்கள மன்னனின் ஆணை நயினாதீவிலே செல்லுபடியானமையால் அது சிங்களர் நிலம் என்பது ஒன்று. சிங்கள மன்னனே தமிழிலே எழுதவேண்டியிருந்தமையால் அது தமிழர் நிலம் என்பது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் தேசிய அரசியலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தலையிலே ஏற்றுவதில் இரண்டும் ஒன்றே. அரசு யாரை நோக்கிப் பேசுகிறதோ அவரது மொழியிலே பேசுகிறது. அன்று வங்கக் கடலின் வாணிகத்திலே ஓங்கியிருந்தவர்களுள் தமிழ் வணிகக் குழுக்கள் முதன்மையானவை. அவர்களோடு தொடர்புகொண்ட பிறமொழி வணிகருக்கும் தமிழ் துறைமுக மொழியாக இருந்திருத்தல் கூடும். இத்தீவுகளில் தமிழ் பேசும் மக்கள் அன்று வாழ்ந்தமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இக்கல்வெட்டின் மொழியை முதலில் விளக்குவது வாணிகமே. குடிப்பரம்பல் அதன் பின்னரே வரும்.

இதனைத் தெளிவுபடுத்த, மேலே குறிப்பிட்ட பயணிகளின் பாதையிலேயே நாமும் கிழக்கே செல்லலாம். தாய்லாந்தின் மேற்குக் கரையிலே தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினதும் பிறரதும் அடைக்கலத்தில் வைக்கிறது. சுமாத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் குழுவினுடையது. பாகானிலே பதின்மூன்றாம் நூற்றாண்டில் நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயில் இருந்ததையும், மலைமண்டலத்து வணிகனொருவன் அதற்கு மண்டபம் அமைத்ததையும் அங்குள்ள கல்வெட்டொன்று கூறுகிறது. கோயிலின் பெயரே வணிகக் குழுவின் பெயராக உள்ளது. சீனத்தின் சுவான்சௌ நகரிலே 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. தக்குவாபாவிலும் பாகானிலும் தமிழ்க் கல்வெட்டு இருப்பதனால் அவை தமிழர் நிலம் என்று எவரும் வழக்காடுவதில்லை. நயினாதீவுக் கல் இவ்வரிசையைச் சேர்ந்தது. வணிகர் சென்ற இடமெல்லாம் குளமும் கோயிலும் எழுந்தன. கோயில் அவர்களுக்கு வழிபாட்டிடமாகவும், கூடுமிடமாகவும், ஒப்பந்தத்துக்குத் தெய்வத்தைச் சாட்சி வைக்கும் இடமாகவும் பயன்பட்டது. துறைமுகச் சட்டம் பொறித்த கல் கோயிலிலே இருப்பதில் வியப்பில்லை.

அக்கலங்கள் கொண்டுவந்த பண்டத்தின் ஒரு பகுதி இன்றும் மண்ணிலே கிடக்கின்றது. அல்லைப்பிட்டியில் 1977இலே சொங் மரபுக் காலத்துச் சீன மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. 2018இலே ஷங்காய் அருங்காட்சியகத்தாரும் இலங்கை மத்திய கலாசார நிதியத்தாரும் இணைந்து அங்கு அகழ்ந்து மேலும் பெருந்தொகையான ஓடுகளைக் கண்டெடுத்தனர். அவை பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளுக்குரியவை. தென்சீனத்துச் சூளைகளில் வனையப்பட்டவை. கல்வெட்டின் காலமும் ஓடுகளின் காலமும் நெருங்கி வருதல் கவனத்துக்குரியது. நயினாதீவுக்குச் செல்லும் ஒவ்வொரு வண்டியும் அல்லைப்பிட்டியினூடாகவே செல்கிறது. அங்கு இறங்குவோர் மிகச் சிலர்.

இறங்குவோர் அறியவேண்டிய பிறிதொன்றும் அம்மண்ணில் உண்டு. 1990இலே இராணுவ நடவடிக்கைகளின்போது தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பலர் காணாமற்போயினர். 2006ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் ஊர்காவற்றுறைத் தீவில் 13 பேர் கொல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அல்லைப்பிட்டியைச் சேர்ந்தோர். தொல்லியல் என்பது எந்த ஆழத்திலிருந்து தொடங்குகிறது என்பதை அறிஞர் மட்டுமே தீர்மானிப்பதில்லை.

இனி இலக்கியச் சான்றுக்கு வருவோம். மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே என்னும் கருத்து, முதலியார் செ. இராசநாயகம் 1926இலே வெளியிட்ட யாழ்ப்பாண வரலாற்று நூலினால் பெரிதும் பரவியது. அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் அமுதசுரபி எனப் பெயர் பெற்றிருப்பதும் இதனாலேயே. மகாவம்சம் கூறும் நாகதீபமும் நயினாதீவே எனப் பௌத்தர் நம்புகின்றனர். மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணியாசனமொன்றுக்காகப் போரிட்டபோது புத்தர் தோன்றி அமைதி செய்தார் என்பது அக்கதை. மணிமேகலையும் ஆசனத்துக்காகப் போரிட்ட நாக அரசர் இருவரைப் பேசுகிறது. ஆனால் 1936இலே வல்லிபுரத்திற் கிடைத்த கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பொன்னேடு நாகதீவு என்னும் பெயரை வழங்குவதைக் கொண்டு, அப்பெயர் சிறு தீவொன்றைக் குறிக்காது குடாநாடு முழுவதையுமே குறித்ததென ஆய்வாளர் கொள்வர். எனவே நாகதீபம் என்னும் பழம்பெயர் ஒரு சிறு தீவுக்குள் சுருங்கியது பிற்காலத்து நிகழ்ச்சியாகும். மணிபல்லவம் இதுதானா என்னும் வழக்கை முடிக்கவும் உறுதியான சான்றில்லை.

எமக்கு அவ்வழக்கைவிட முக்கியமாகப்படுவது காப்பியத்தினுள் மணிபல்லவம் அமையும் முறைமை. ஆபுத்திரன் கையில் அமுதசுரபியோடு, பஞ்சமுற்ற சாவக நாட்டை நோக்கிக் கலமேறுகிறான். காற்றின் சீற்றத்தால் கலம் மணிபல்லவத்திலே ஒதுங்குகிறது. அவன் இறங்கிய வேளையிலே, அவன் ஏறிவிட்டான் எனக் கருதிக் கலம் இரவிலே சென்றுவிடுகிறது. உண்பவர் எவருமில்லாத தீவிலே வற்றாத பாத்திரத்தை வைத்திருப்பதிற் பயனென்ன என எண்ணி அதனைப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். மறுபிறப்பிலே சாவகத்தின் அரசனாகிறான். தெய்வக் கதையின் போர்வையை நீக்கிப் பார்த்தால் இதனுள்ளே இருப்பது ஒரு கடற்பாதை: தமிழகக் கரை, இடையே ஒதுங்கும் தீவு, அப்பால் சாவகம். பசியும் தானியமும் அக்காலத்து மக்களின் முதன்மைக் கவலையாக இருந்தமையும் அதிலே தெரிகிறது. சாத்தனாரைக் கூலவாணிகன் என மரபு குறிப்பிடுவதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

காப்பியத்திலே பௌத்த வணிகரின் நோக்கு இருக்கிறதென்றால், கடலோடிகளின் நோக்கைத் தேட நெடுந்தீவுக்குச் செல்லவேண்டும். அங்கு வெடியரசன் கோட்டை என மக்கள் வழங்கும் இடத்திலே இருப்பவை உண்மையிலே கோட்டைச் சுவர்களல்ல. முருகைக்கற்களாற் கட்டப்பட்ட சிறு தூபிகளின் அடித்தளங்கள். போல் பீரிசு 1917இலே எழுதி அறிமுகஞ் செய்த கந்தரோடைத் தூபிகளோடு ஒப்பிடத்தக்கவை. பௌத்தம் இப்பகுதியிலே வேரூன்றியிருந்த காலத்தை இவை காட்டுகின்றன. இப்பௌத்தம் சிங்களருடையதா தமிழருடையதா என இருசாரார் வாதிடுவர். அக்காலத்துப் பௌத்தம் ஆந்திரத்தின் அமராவதியிலிருந்தும் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்தும் வணிகரோடு கடல்கடந்த சமயம். இன்றைய இனப்பெயர்களை அத்தூபிகளின் மேல் எழுதிவைக்க முடியாது.

மக்கள் ஏன் அவற்றை வெடியரசனோடு இணைத்தனர்? ஈழத்திலே வழங்கும் கண்ணகி வழக்குரையின் கதைப்படி, கண்ணகியின் சிலம்புக்கு வேண்டிய நாகமணியைக் கொணரக் கலஞ்செலுத்திச் சென்றவன் மீகாமன். அவனை வழிமறித்துப் போரிட்டவன் வெடியரசன். முக்குவர் மரபினர் அவனைத் தம் தலைவனாகப் போற்றினர். கலத்தில் வருபவன் பண்டம் தேடி வருகிறான். தீவில் இருப்பவன் தன் கடலைக் கடக்க விடாது மறிக்கிறான். பராக்கிரமபாகுவின் கல்வெட்டு அரசின் பக்கத்திலிருந்து கூறும் அதே உறவை இக்கதை கடலோடிச் சமூகத்தின் பக்கத்திலிருந்து கூறுகிறது. மறிப்பதும் பங்கு கேட்பதும் அரசன் செய்தால் சட்டம், மற்றவர் செய்தால் கொள்ளை. கதையிலே வெடியரசன் தோற்கிறான். ஆனால் தூபிகளைக் கட்டியோரின் பெயரை மறந்த தீவு மக்கள், தோற்றவனின் பெயரையே அவற்றுக்குச் சூட்டியுள்ளனர்.

ஐரோப்பியர் வருகையோடு இவ்வுறவுகள் மாறின. போர்த்துக்கேயரும், அவர்களை 1658இலே வென்ற ஒல்லாந்தரும் இத்தீவுகளை ஏகபோக வாணிகத்தின் காவல்நிலைகளாக்கினர். ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்களின் பெயர்களையே தீவுகளுக்கு இட்டனர்: வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு றொட்டர்டாம், எழுவைதீவுக்கு ஹோர்ண், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்வ்ற். இவற்றிற் கடைசிப் பெயரே பரவலாக நிலைத்தது. வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகள் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவரப்பட்டு இந்தியாவுக்கு ஏற்றப்பட்டன. சாயவேர் தோண்டுதல் குறிப்பிட்ட சாதியாரின் கட்டாயப் பணியாக்கப்பட்டது; ஊழியம் என்னும் பெயரிலே கூலியற்ற உழைப்பு பெறப்பட்டது. சாதியமைப்பை அழிக்காது அதனையே வரி திரட்டும் பொறியாகப் பயன்படுத்தியமை அவ்வாட்சியின் திறமை. நிலமானிய உறவுகள் வணிக முதலாளித்துவத்தின் கைக்கருவியானமைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஈழத்திலே அரிது.

நெடுந்தீவிலே பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் மட்டக்குதிரைகள் இவ்வரலாற்றின் எச்சங்களே. அவை காட்டுக் குதிரைகளல்ல. ஒல்லாந்தக் கம்பனி அத்தீவைக் குதிரை வளர்ப்பு நிலையமாக்கியது. பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்திலும் வளர்ப்பு தொடர்ந்தது. குதிரைக்குத் தேவை அற்றதும் அவை கைவிடப்பட்டன. வறட்சிக் காலங்களில் நீரின்றி அவை மடிகின்றன. முன்னொரு காலத்திலே நாலிலொரு பங்குச் சலுகை கொடுத்து அரசு வரவேற்ற விலங்கு, உற்பத்தியிலிருந்து விலக்கப்பட்டபின் இயற்கைக் காட்சியாகிவிட்டது. அங்கு நிற்கும் பெருக்கமரமும் அவ்வாறே அயலிலிருந்து வந்தது. அதன் தாயகம் ஆபிரிக்கா.

முருகைக்கல்லைப் பற்றி ஒரு சொல். நெடுந்தீவின் தூபியும், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையும், வீட்டு வளவுகளைச் சூழ்ந்த கல்வேலியும் ஒரே கல்லினால் ஆனவை. காரையாகப் பயன்பட்ட சுண்ணாம்பும் அக்கல்லைச் சுட்டே பெறப்பட்டது. கல்லைப் பெயர்த்தவர், சுமந்தவர், சூளையில் நின்றவர் பற்றிக் கல்வெட்டு எதுவுமில்லை. ஆனால் சமய மாற்றமும் ஆட்சி மாற்றமும் எத்தனை நிகழ்ந்தபோதும் கட்டுமானத்தின் தொழில்நுட்பமும் உழைப்போரும் மாறவில்லை என்பதை இக்கல் காட்டுகிறது. வழிகாட்டி நூல்கள் பௌத்தக் காலம், ஒல்லாந்தர் காலம் எனப் பிரிப்பதை, கல்வேலி கட்டிய கைகள் பிரித்திரா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டிலும் தீவகத்தின் வாணிகம் வேறு திசையிலே திரும்பியது. வரண்ட நிலமும் குறைந்த நன்னீரும் பெருகிய மக்களைத் தாங்கவில்லை. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, காரைநகர் ஆகிய ஊர்களிலிருந்து இளைஞர் கொழும்புக்கும் சிங்களக் கிராமங்களுக்கும் சென்று கடைச் சிப்பந்திகளாகத் தொடங்கிப் பின் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை முதலாளிகளாயினர். அவ்வருவாயின் ஒரு பகுதி ஊர்க்கோயில்களின் மண்டபமாகவும் தேராகவும் திரும்பி வந்தது. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களிலே எரிக்கப்பட்ட தமிழர் கடைகளுள் தீவகத்தாருடையவை பல. அதே வன்செயல்களின் சுழற்சி வழிபாட்டிடங்களையும் விடவில்லை. 1958இலே நாகதீப விகாரை தாக்கப்பட்டது. 1986இலே நாகபூஷணி அம்மன் கோயில் தீக்கிரையாகிச் சேதமுற்றது. ஒரு சாராரின் சேதத்தை மட்டும் எண்ணிக் கூறும் பயணவுரைகள் இருமொழியிலும் உள.

கடைமுதலாளியின் பணம் கோயிலைப் பெருப்பித்தபோது கோயிலின் வாசல் எல்லோருக்கும் திறந்திருந்ததெனக் கொள்ளலாகாது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், குடாநாட்டின் பெருங்கோயில்களிலே ஒடுக்கப்பட்ட மக்கள் உட்செல்ல 1968இலே மாவிட்டபுரத்தில் போராடவேண்டியிருந்தது. அப்போராட்டத்தை முன்னெடுத்தோர் இடதுசாரிகளே. தொன்மையான கோயில் எனப் பயணி வியக்கும்போது, அத்தொன்மையினுள்ளே யார் எவ்வளவு தூரம் நடக்க அனுமதிக்கப்பட்டனர் என்பதையும் கேட்டறிதல் தகும்.

கடலோ எக்காலத்திலும் அச்சமற்றதாக இருந்ததில்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகிலே பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதைச் செய்தனர் எனத் தப்பியோர் சாட்சியமளித்தனர். இன்று அதே நீர்ப்பரப்பிலே உல்லாசப் பயணிகள் படகிற் செல்கின்றனர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரின் நடுவிலுள்ள ஹமன்ஹீல் கோட்டையை எழுப்பியோர் போர்த்துக்கேயர். அதற்கு இப்பெயரிட்டோர் ஒல்லாந்தர். 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்து மக்கள் விடுதலை முன்னணியினர் அங்குச் சிறைவைக்கப்பட்டனர். போருக்குப் பின் கடற்படையினர் அதனை உல்லாச விடுதியாக்கினர். சிறையறை தங்கும் அறையாவது சுற்றுலாத் தொழிலின் பொதுவிதி போலும்.

நயினாதீவின் புதிய இராசகோபுரத்துக்கு மீண்டும் வருவோம். அதனையும் கடல்வழிச் செல்வமே எழுப்பியது. ஆனால் அச்செல்வம் ஊராத்துறையில் வந்திறங்கிய சரக்கிலிருந்தோ தென்னிலங்கைக் கடைகளிலிருந்தோ வந்ததன்று. அதன் பெரும்பகுதி, போரினால் விரட்டப்பட்டு அயல்நாடுகளின் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தோர் அனுப்பியது. கோபுரம் உயர்ந்த அதே காலத்தில் தீவகத்தின் வீடுகள் பல கூரையிழந்து பற்றைக்குள் நிற்கின்றன. வெளியே சென்ற உழைப்பு ஊரிலே உற்பத்தியாகத் திரும்பாமல் கோபுரமாகத் திரும்புவதற்குரிய காரணங்கள் தனியே ஆராயத்தக்கவை. நம்பிக்கை அவற்றுள் ஒன்று. ஊரிலே தம் பெயர் நிலைக்கவேண்டும் என்னும் ஏக்கம் மற்றொன்று. முதலிடத் தகுந்த தொழில் எதுவும் தீவிலே இல்லாமை மூன்றாவது.

தீவகத்துக் கோயில்களின் சுவர்களிலும் தூண்களிலும் உபயகாரரின் பெயர்களும் ஊர்களும் தொகைகளும் பொறித்த கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. கொழும்பிலே கடை வைத்திருந்தோரின் பெயர்கள் பழைய கற்களிலும், கனடாவிலும் இலண்டனிலும் வாழ்வோரின் பெயர்கள் புதிய கற்களிலும் காணப்படும். பராக்கிரமபாகுவின் கல்லைப்போல் இவையும் கடல்கடந்த செல்வத்தின் பதிவுகளே. ஒவ்வொரு திருப்பணியின்போதும் பழைய உபயக் கற்கள் பெயர்க்கப்பட்டு, பளபளப்பான புதியவை பதிக்கப்படுகின்றன. தீவகத்து ஊர்களைச் சேர்ந்த மாணவர் தத்தம் ஊர்க் கோயில்களின் உபயக் கற்களை ஆண்டு, பெயர், ஊர், தொழில், தொகை என்னும் விவரங்களோடு படியெடுத்தல் வேண்டும். வீடுகளிலே எஞ்சியுள்ள கடைக் கணக்குக் கொப்பிகளையும், மூத்த கடலோடிகளின் நினைவிலுள்ள துறைப்பெயர்களையும் பாடல்களையும் இவற்றோடு சேர்த்துத் தொகுக்கலாம். குறிகாட்டுவானிலே படகுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் இப்பணியைத் தொடங்க முடியும்; படகுக்காகக் காத்திருப்போரிற் பலர் அத்துறைப்பெயர்களை அறிந்தவர்கள்.